"முதன்மைத் தொழில்" கட்டத்தில் என்ன எழுதுவது? (ராமநாதபுரம் மாவட்டம்: வேலை, வருமானம், வறுமை)

1 | முதுகுளத்தூரான் | செவ்வாய், இரவு 9.40

என் தங்கை மதுரையில் முதுகலை சமூகப்பணி படிக்கிறாள். சொந்த ஊரில் ஐம்பது வீடுகளுக்குப் போய் ஒரு படிவத்தை நிரப்பி வரச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வீடாக எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டாள். பெயர், வயது, படிப்பு எல்லாம் மளமளவென்று ஓடின. "குடும்பத் தலைவரின் முதன்மைத் தொழில்" என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"விவசாயம் என்று எழுது" என்றார் அப்பா. அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: "போன வருடம் விவசாயம் நமக்குச் சோறு போட்டதா, நாம் விவசாயத்துக்குச் சோறு போட்டோமா?"

எங்கள் வீட்டு நிலவரம் இது. இரண்டு ஏக்கர் மானாவாரி நெல், ஒரு ஏக்கர் குண்டு மிளகாய். புரட்டாசியில் புழுதி விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்தால் தை மாசியில் அறுப்பு. மிளகாய்ப் பழம் மாசியில் தொடங்கிச் சித்திரை தாண்டியும் எடுப்போம். கோடையில் அப்பா சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போவார். அம்மா நூறு நாள் வேலைக்கும் பழம் எடுக்கவும் போவார், நான்கு ஆடும் வளர்க்கிறார். அண்ணன் புனே பக்கம் ஒரு முறுக்குக் கம்பெனியில் இருக்கிறான். நான் ராமநாதபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில். அப்பத்தாவுக்கு முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய், அம்மாவுக்கு உரிமைத் தொகை 1,000 ரூபாய்.

இதில் எது முதன்மை? கட்டம் ஒன்றுதான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 | புள்ளிக்காரர் | செவ்வாய், இரவு 10.15

புள்ளியியல் துறையில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். தம்பியின் தங்கைக்கு வந்த சந்தேகம் எங்களுக்கும் களத்தில் அன்றாடம் வந்ததுதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ, அதாவது 183 நாளாவது வேலை செய்தவர் "முதன்மைத் தொழிலாளர்". அதற்குக் குறைந்தால் "குறுநிலைத் தொழிலாளர்". எந்த வேலையில் அதிக நாள் போனதோ அதுவே தொழில். வருமானம் எதிலிருந்து வந்தது என்பது அங்கே கேள்வியே இல்லை. உங்கள் அப்பா வயலில் நின்ற நாள்களை எண்ணுங்கள்.

வேலையின்மைக் கணக்கு இதைவிடச் சுவையானது. தொழிலாளர் ஆய்வில் வார நிலை என்று ஒன்று உண்டு. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். ராமநாதபுரம் போன்ற மாவட்டத்தில் இந்தக் கணக்குப்படி வேலையில்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் பழம் எடுத்தவரும் கணக்கில் வேலை பார்ப்பவரே. வேலையில்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்க, யாராவது ஒருவர் சோறு போட வேண்டுமே.

3 | கொங்குச்சீமை | செவ்வாய், இரவு 11.02

கோபப்படாதீர்கள், வெளிப்படையாகக் கேட்கிறேன். திருப்பூரில் "ஆட்கள் தேவை" என்ற பலகை தொங்காத பனியன் கம்பெனி கேட் இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வருகிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து ஓர் இரவு பஸ். ஏன் வருவதில்லை? நூறு நாள் வேலை, ஆயிரம் ரூபாய், ரேஷன் அரிசி. உழைக்கிற பழக்கம் போய்விட்டது. இதற்கு வறுமை என்று பெயர் வைக்காதீர்கள்.

4 | தறிச்சத்தம் | புதன், காலை 6.50

கொங்குச்சீமைக்கு: ஆறு வருடம் திருப்பூரில் செக்கிங் பிரிவில் இருந்துவிட்டு வந்தவன் எழுதுகிறேன். வருவதில்லை என்று யார் சொன்னது? உங்கள் கம்பெனியில் சிங்கர் தைப்பவர்களிடம் ஊர் கேளுங்கள். பரமக்குடி, கமுதி, சாயல்குடி என்று வரும். நாங்கள் தமிழ் பேசுவதால் உங்கள் கண்ணுக்கு வெளியூர்க்காரர்களாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நூறு நாள் கணக்கையும் போட்டுவிடுவோம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். நூறு நாளும் கிடைத்து, முழுக் கூலியும் வந்தால் 33,600 ரூபாய். ஆண்டுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 92 ரூபாய். அதிலும் வேலையை அளந்துதான் கூலி போடுவார்கள், முழுத் தொகை வராது. 2024-25 பனிக்காலத்தில் பல மாதக் கூலி நிலுவையில் நின்றது. 92 ரூபாயில் ஒருவரால் சோம்பேறியாக வாழ முடிந்தால் அவரிடம் நாம் எல்லோரும் பாடம் கேட்கலாம்.

எங்கள் வீடு எமனேசுவரம். அப்பா கைத்தறி நெய்பவர், பட்டும் பருத்தியும் கலந்த சேலை. அப்பா தறியில் உட்கார்ந்தால் அம்மா தார் சுற்றுவார், பாவு பிணைப்பார். கூலி சேலைக்கு இவ்வளவு என்று அப்பா பெயரில் வரும். அம்மா எல்லாப் படிவத்திலும் "இல்லத்தரசி". ஐயா, உங்கள் கணக்கில் அந்த அம்மா எங்கே வருவார்?

5 | புள்ளிக்காரர் | புதன், காலை 8.20

"குடும்பத் தொழிலில் ஊதியமில்லாத உதவியாளர்" என்று ஒரு குறியீடு இருக்கிறது. முறையாகக் கேட்டால் அதில் விழ வேண்டும். ஆனால் கேட்கப் போகிறவர் வாசலில் நின்று ஆணிடம் "வீட்டம்மா என்ன செய்கிறார்கள்?" என்றால் "வீட்டில்தான் இருக்கிறாள்" என்பார். நானும் அப்படி எழுதிக்கொண்டு போனவன்தான். மறுக்க மாட்டேன்.

6 | பாசிக்காரி மகள் | புதன், மதியம் 1.35

பாம்பன் சின்னப்பாலம் பக்கம். என் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். இப்போது வயது அறுபத்து இரண்டு.

கடல்பாசி என்றால் ஏதோ கரையில் ஒதுங்கியதைப் பொறுக்குவது என்று நினைக்கிறார்கள். அதிகாலையில் படகில் தீவுப் பக்கம் போவார்கள். சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, பாறை கிழிக்காமல் இருக்கக் காலுக்கும் கட்டிக்கொண்டு மூழ்குவார்கள். மூச்சை அடக்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போட்டு மேலே வருவார்கள். பல மணி நேரம் இதே வேலை. அம்மாவின் விரல்நுனியில் ரேகை கிடையாது. ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் வைத்தால் பிடிக்காது, நான்கு முறை துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வார்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

மாதம் முழுவதும் போக மாட்டார்கள். பாசி வளர வேண்டும் என்று பெண்களே கூடிப் பேசி மாதம் பன்னிரண்டு நாள்தான் என்று வைத்துக்கொண்டார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் பார்த்து இரண்டு பகுதியாகப் போவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. எனவே தீவை நெருங்கினால் வனத்துறையோடு மல்லுக்கட்டு வேறு.

மாதம் 12 நாள் என்றால் ஆண்டுக்கு 144. ஐயா சொன்ன 183க்கு வரவில்லை. ஆக, நாற்பது வருடமாகக் கடலுக்கடியில் வேலை பார்க்கும் என் அம்மா குறுநிலைத் தொழிலாளர். நல்ல பெயர்தான்!

7 | கொங்குச்சீமை | புதன், மதியம் 2.10

அந்த அம்மாவுக்கு என் வணக்கம். நான் சொன்னது அவர்களை இல்லை. ஆனால் அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது போல இழை போகிறதே? வளமாவூரில் கடல்பாசிப் பூங்கா வருகிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்து எவ்வளவு காலமாயிற்று? 2022இல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு. புதிய பாம்பன் பாலம். இன்னும் என்ன வேண்டும்?

8 | முதுகுளத்தூரான் | புதன், இரவு 8.55

கமுதி நிலையம் எங்களுக்குப் பக்கம்தான். 2016இல் கட்டும்போது வேலை இருந்தது உண்மை. எட்டே மாதத்தில் 2,500 ஏக்கரில் முடித்தார்கள். ஏறக்குறைய 8,500 பேர் வேலை பார்த்ததாகச் செய்தி வந்தது. என் சித்தப்பாவும் கம்பி கட்டப் போனார். அந்த எட்டு மாதமும் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் வடை காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும். முடிந்த பிறகு தகடுகளைத் துடைக்கக்கூட ஆள் வேண்டாம், அதற்கும் இயந்திரம். சூரியன் எங்களுடையது, மின்சாரம் எல்லோருக்குமானது, சம்பளம் காவலுக்கு நிற்கும் சிலருக்கு. மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வேலைவாய்ப்புப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

குண்டு மிளகாய்க்குக் குறியீடு 2023இல் கிடைத்தது, எங்களுக்கும் பெருமைதான். எட்டிவயலில் குளிர்பதனக் கிடங்கும் இருக்கிறது. ஆனால் விலை வரும் வரை மூட்டையைக் கிடங்கில் வைத்துக் காத்திருக்க வேண்டுமென்றால் கையில் வேறு பணம் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பறிப்புப் பழம் காய்வதற்குள்ளேயே கேட்க ஆள் வந்துவிடும். காரணம் அம்மாவின் சங்கிலி.

அதைச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு மூன்று பவுனில் ஒரு சங்கிலி. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது ஆவணியில் அடகுக்குப் போகும், பங்குனியில் திரும்பி வரும். விதை, உழவுக் கூலி, உரம் எல்லாம் அதில்தான். மிளகாய் விற்றதும் மீட்போம். பங்குனி உத்திரத்துக்கு அம்மா அதைப் போட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனால் அந்த ஆண்டு விளைந்தது என்று பொருள். வெறும் மஞ்சள் கயிற்றோடு போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் விளைச்சல் எப்படி என்று விசாரிக்க மாட்டார்கள்.

2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்தார்கள் அல்லவா? மார்ச் 31 கணக்கு. எங்கள் சங்கிலி கூட்டுறவுச் சங்கத்தில்தான் இருந்தது. அந்த ஆண்டு விலை கொஞ்சம் நன்றாக இருந்ததால் மார்ச் முதல் வாரத்திலேயே கட்டி மீட்டுவிட்டோம். அம்மா இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார், சில நாள் சிரிப்பில்லாமலும் சொல்கிறார்.

இந்த வருடம் விலை இறங்கிவிட்டது, சங்கிலி வரவில்லை. இப்போது அது வேறொரு வங்கியில் இருக்கிறது. முன்பெல்லாம் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொள்வோம். இப்போது முழுத் தொகையையும் கட்டி மீட்டு, மறுநாள் புதிதாக வைக்க வேண்டும் என்கிறார்கள். முழுத் தொகை இருந்தால் நாங்கள் ஏன் அடகு வைக்கிறோம்? வங்கிக்கு எதிரே வேப்பமரத்தடியில் இதற்கென்றே ஒருவர் பையோடு நிற்கிறார். ஒரு நாளைக்கு லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய். அவரே உள்ளே வந்து கட்டுகிறார், மறுநாள் அவரே வாங்கிக்கொண்டு போகிறார். அவருடைய முதன்மைத் தொழிலைக் கேட்டால் அவருக்குத் தயக்கமே இருக்காது.

9 | தம்மாமிலிருந்து | வியாழன், அதிகாலை 1.20

வேலை முடிந்து அறைக்கு வந்ததும் இந்த இழையைப் படித்தேன். தூக்கம் போய்விட்டது.

நான் பெரியபட்டினம் பக்கம். பத்தாவது தேறவில்லை. அதனால் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற வகை. ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தை அடைக்கவே முதல் பதினான்கு மாதம் போயிற்று. இப்போது சவூதியில் பதினோரு வருடம். 2015இல் தமிழ்நாட்டில் நடத்திய புலம்பெயர்வு ஆய்வில் வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் ஏறத்தாழ 22 லட்சம் என்று வந்தது. அதிகம் பேரை அனுப்பிய மாவட்டங்களின் முன்வரிசையில் நம் மாவட்டமும் இருந்தது. கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, பனைக்குளம் என்று எந்தத் தெருவிலும் சாயங்காலம் நடந்து பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், வயதானவர்கள், பெண்கள். நடுவயது ஆண் ஒருவர் போனால் "எப்போது வந்தீர்கள்? எப்போது திரும்புகிறீர்கள்?" என்றுதான் கேட்பார்கள்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. நிதி ஆயோக் வறுமைக் கணக்கில் தமிழ்நாடு இரண்டு சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று சொல்கிறார்களே, அது எப்படி?

10 | புள்ளிக்காரர் | வியாழன், காலை 7.45

அது பல்பரிமாண வறுமைக் குறியீடு. 2015-16இல் தமிழ்நாட்டில் 4.76 சதவீதம், 2019-21இல் 2.20 சதவீதம். பன்னிரண்டு விஷயங்களைப் பார்க்கிறார்கள். ஊட்டச்சத்து, குழந்தை மரணம், தாய்நலம், எத்தனை ஆண்டு படித்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, சொத்துகள், வங்கிக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. அந்த எடைக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இல்லையென்றால் ஏழை.

பட்டியலில் வருமானம் இல்லை. கடனும் இல்லை. அது குறியீட்டின் பிழை என்று சொல்ல மாட்டேன், அது அளப்பதற்காக எடுத்துக்கொண்டது வேறு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கடலாடிப் பக்கம் ஒரு குடத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தது. இன்று தண்ணீர் முறை வைத்து வந்தாலும் தெருவுக்கு வருகிறது. அந்த முன்னேற்றத்தைப் பொய் என்று சொன்னால் அந்தப் பெண்களுக்குச் செய்யும் துரோகம். ஆனால் அதே எண்ணைக் காட்டி வேலை பற்றிப் பேசுகிறவர்கள் தப்பான தாளைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

2018இல் நாடு முழுக்க "முன்னேற விழையும் மாவட்டங்கள்" என்று தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து இரண்டே மாவட்டங்கள்: ராமநாதபுரம், விருதுநகர். அங்கும் சுகாதாரம், கல்வி, வேளாண்மை, நிதிச் சேவை, திறன், அடிப்படை வசதி என்றுதான் மதிப்பெண். வங்கிக் கணக்கு தொடங்கினால் மதிப்பெண் உண்டு. அதில் என்ன வந்து விழுகிறது என்பதற்கு இல்லை.

11 | தம்மாமிலிருந்து | வியாழன், இரவு 11.50

இப்போது புரிகிறது ஐயா. எங்கள் வீட்டில் கேஸ் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, டைல்ஸ் போட்ட தரை, பிரிட்ஜ், வங்கிக் கணக்கு, மகள் பன்னிரண்டாவது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் வாங்கிவிடுவோம். எங்கள் வீடு ஏழை இல்லை. ஆறு பேர் படுக்கும் அறையில் இரண்டாம் அடுக்குக் கட்டிலில் இருந்து இதை எழுதும் நான் எந்த வீட்டுக் கணக்கில் வருகிறேன் என்றுதான் தெரியவில்லை. கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்து பத்து மாதம் உட்கார்ந்தேன். மூன்றாவது மாதமே பிரிட்ஜை விற்கலாமா என்று பேச்சு வந்தது.

12 | வெட்டுக்கத்தி | வெள்ளி, காலை 10.05

எல்லோரும் பேசிவிட்டீர்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? இதுவரை எழுதியவர்களில் பாதிப்பேருக்கு மேல் நிலமோ தறியோ ஏஜெண்டுக்குக் கொடுக்கப் பணமோ மூன்று பவுனோ ஏதோ ஒன்று இருக்கிறது.

எங்களுக்கு நிலம் கிடையாது, தாத்தா காலத்திலிருந்தே. வறட்சி நிவாரணம் வந்தால் பட்டா யார் பெயரிலோ அவருக்கு. பயிர்க் காப்பீடு அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், பெயர் இருப்பவருக்கு. விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு நிலம் எடுத்து உழுதவனுக்கும் கருகிய பயிரில் கூலி இழந்தவளுக்கும் எந்த விண்ணப்பமும் இல்லை. நெல் பொய்த்த வருடம் நிலக்காரருக்கு நட்டம், எங்களுக்குப் பட்டினி. இரண்டையும் "விவசாயிகள் பாதிப்பு" என்று ஒரே தலைப்பில் போடுவார்கள்.

முதுகுளத்தூர்த் தம்பி, உங்கள் அப்பா கரிமூட்டம் போடப் போகிறார் என்றீர்கள். மூட்டம் போடுபவர் வேறு, மரம் வெட்டுபவர் வேறு. நாங்கள் வெட்டுகிறவர்கள். கண்மாயில் நிற்கும் கருவேலத்தை ஒருவர் ஏலம் எடுப்பார். டன்னுக்கு இவ்வளவு என்று எங்களுக்குக் கூலி. குடும்பமாகப் போவோம், கணவர் வெட்ட நான் முள் கழித்து அடுக்குவேன், எடை போடும்போது எழுதும் பெயர் அவருடையது. முன்பணம் வாங்கியிருப்பதால் வேறு இடத்தில் கூலி கூடுதல் என்றாலும் போக முடியாது. கருவேல முள் குத்தினால் உள்ளேயே ஒடிந்து நிற்கும். என் இடது பாதத்தில் ஒன்று நான்கு வருடமாக இருக்கிறது. மழைக்காலத்தில் வலிக்கும்.

அந்த மரத்தை ஒழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் வரை போனார்கள், நியாயம்தான், நிலத்தைக் கெடுக்கிறது. ஆனால் நெல் விளையாத வருடங்களில் இந்த மாவட்டத்தில் நிலமில்லாதவர்களுக்குச் சோறு போட்டது அது ஒன்றுதான். அதை வெட்டிய பிறகு எங்களுக்கு என்ன வேலை என்று அந்த வழக்கில் யாராவது கேட்டார்களா?

13 | [பதிவு நீக்கப்பட்டது]

14 | நெறியாளர் | வெள்ளி, மதியம் 12.30

சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்திய ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். எழுதியவருக்கு ஒரு மாதத் தடை. நிலம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி தலைப்புக்கு உட்பட்டதே. தாராளமாகப் பேசலாம்.

15 | முதுகுளத்தூரான் | வெள்ளி, இரவு 9.15

வெட்டுக்கத்தி அக்கா, நீங்கள் சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரியாகத்தான் சொல்கிறாள். நம்மிடம் விற்க ஏதோ இருக்கிறது" என்றார். அவர் மூட்டத்தில் நிற்பவர், வெட்டுபவர் இல்லை. அடுக்கிய விறகுக்கு மேல் தழையும் மண்ணும் போட்டுப் பூசித் தீ வைத்துவிட்டு ராத்திரி முழுக்கக் காவல் இருக்க வேண்டும். எங்காவது மண் வெடித்துக் காற்று உள்ளே போனால் கரி சாம்பலாகிவிடும். அந்த வேலைக்கு நாள் கூலி. உங்களுக்கு எடைக் கூலி. ஒரே மூட்டத்தில் இரண்டு விதம் என்பதை இத்தனை நாள் நானே யோசித்ததில்லை.

16 | பாசிக்காரி மகள் | சனி, காலை 11.00

அக்காவுக்கு என் பங்குக்கு ஒன்று. எங்கள் பக்கம் மூங்கில் மிதவை கட்டிக் கப்பாபைகஸ் பாசி வளர்க்கும் தொழில் வந்தபோது நிறையப் பேசினார்கள். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மிதவை, 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் நான்கு மடங்கு. உண்மைதான், நன்றாக ஓடிய வருடங்களும் உண்டு. கடல் சூடேறிப் பாசி வெளுத்துச் செத்த வருடங்களும் உண்டு. மூழ்கி எடுப்பதைவிட உடம்புக்கு நல்லது என்பதால் நான் அதற்கு எதிரி இல்லை.

ஆனால் கடன்? மிதவைக்கென்று பெண்கள் குழுவாகக் கடன் வாங்கினோம். தவணை வாராவாரம் புதன்கிழமை. காற்றுக் காலத்தில் கடலில் இறங்க முடியாது. தவணைக்கு வருகிற பையனுக்குக் காற்றுக் காலம் தெரியாது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் சேர்ந்து கட்ட வேண்டும். எனவே அவன் ஒன்றும் மிரட்ட வேண்டியதில்லை, நாங்களே ஒருவரை ஒருவர் மிரட்டிக்கொள்வோம். கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது என்று பேப்பரில் பார்த்தேன். வாசலில் வந்து கத்தினால் வழக்குப் போடலாம். பக்கத்து வீட்டுத் தோழி முகம் திருப்பிக்கொண்டால் எங்கே போடுவது?

17 | கொங்குச்சீமை | சனி, மதியம் 3.40

உழைக்கிற பழக்கம் போய்விட்டது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தொழிற்சாலை வந்தால் தீரும் என்று இன்னமும் நினைக்கிறேன். அதில் மாற்றமில்லை.

18 | தறிச்சத்தம் | சனி, மாலை 5.05

வரட்டும். வேண்டாம் என்று யார் சொன்னது? வந்தால் நான் திருப்பூர் ரூம் வாடகையாக அழுத காசு மிச்சம். ஆனால் காலியான பரந்த நிலம் இருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் ஆள் தேவைப்படாத தொழிலையே கொண்டுவருகிறார்கள்.

19 | விசைப்படகு | ஞாயிறு, இரவு 7.30

ராமேசுவரம். படகில் கூலியாள், முதலாளி இல்லை. தாமதமாகத்தான் இந்தப் பக்கம் வந்தேன், தடைக்காலத்தில் மங்களூருக்குப் போயிருந்தேன். நமக்கு ஏப்ரல் 15இல் தடை தொடங்கினால் அங்கே ஜூன் 1இல்தான். நடுவில் ஒன்றரை மாதம் கிடைக்கும்.

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 131. முன்பு 5,000 இருந்ததற்கு இது தேவலை. தடை இல்லாத காலத்திலும் பாக் நீரிணையில் எங்களுக்கு வாரம் மூன்று நாள், மீதி நாள் நாட்டுப்படகுகளுக்கு. அந்த மூன்று நாளில் காற்று அடித்தால் இல்லை, வேலைநிறுத்தம் என்றால் இல்லை. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மிஞ்சியதில்தான் பங்கு. மிஞ்சாவிட்டால் பங்கு என்ற பேச்சே இல்லை, முதலாளி அடுத்த தடவைக்குக் கையில் ஏதாவது கொடுப்பார், அது முன்பணக் கணக்கில் ஏறும்.

இலங்கைக் கடற்படை பிடித்தால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பக்கத்து மீனவர்களும் தமிழர்கள்தான், போர் முடிந்து மெல்ல வலையைக் கையிலெடுத்தவர்கள். எங்கள் இழுவைமடி, அதாவது படகு இழுத்துப்போகும் பெருவலை, அவர்கள் வலையை அறுக்கிறது என்று சொல்கிறார்கள், அதில் பொய் இல்லை. இதை எங்கள் சங்கத்தில் சத்தமாகச் சொன்னால் எனக்குப் படகு கிடைக்காது. ஆழ்கடல் மீன்பிடிக்கு மாறுங்கள் என்று 2017இல் திட்டம் கொண்டுவந்தார்கள். படகு 80 லட்சம், மானியம் போக மீதிக்குக் கடன். முதலாளிகளே யோசித்தார்கள். கூலியாளான நான் எதற்கு மாறுவது?

தங்கை படிவத்தோடு வந்தால் எங்கள் தெருவிலும் "மீன்பிடி" என்று ஒரே வார்த்தை எழுதிக்கொண்டு போகச் சொல்வார்கள். அப்படிச் சொல்வதுதான் பழக்கம்.

20 | முதுகுளத்தூரான் | ஞாயிறு, இரவு 9.50

தங்கை ஒரு வேலை செய்துவிட்டாள். படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு வரி போட்டு, ஒவ்வொரு மாதமும் வீட்டுக்குள் பணம் எதிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்கிறாள். பேராசிரியர் திட்டினாலும் பரவாயில்லை, முன்பக்கத்தில் "விவசாயம்" என்று எழுதிக்கொடுத்துவிடுவேன் என்கிறாள். இதுவரை பதினெட்டு வீடு முடிந்தது. ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடும் வீடுகளில் இப்போது முக்கால் மணி நேரம் உட்கார வைக்கிறார்களாம்.

எங்கள் வீட்டுத் தாளில் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று வரியிலும் "சங்கிலி" என்று எழுதியிருக்கிறாள். அம்மாதான் சொல்லியிருக்கிறார்.

முடிந்தவர்கள் உங்கள் வீட்டு வரிகளையும் இங்கே எழுதுங்கள். தொகை வேண்டாம்.

21 | வெட்டுக்கத்தி | ஞாயிறு, இரவு 10.40

சித்திரை முதல் ஆடி வரை விறகு. ஆவணி நூறு நாள் வேலை. புரட்டாசி களை இல்லை, ஒன்றும் இல்லை, முன்பணம். கார்த்திகை மார்கழி களையெடுப்பு, மழை இருந்தால். தை நெல் அறுப்பு இயந்திரம் வந்துவிட்டதால் ஓரம்சாரம் அறுக்க மட்டும். மாசி, பங்குனி மிளகாய்ப் பழம். ஐப்பசியை விட்டுவிட்டேன். ஐப்பசியில் தீபாவளி வரும், கடன்.

22 | தம்மாமிலிருந்து | திங்கள், அதிகாலை 12.55

பன்னிரண்டு மாதமும் நான். ரமலான் மாதம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நான்.

23 | விசைப்படகு | திங்கள், அதிகாலை 4.45

சித்திரை, வைகாசி மங்களூர். ஆனி: கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கியாகிவிட்டது, ஐஸ் ஏற்றுகிறார்கள், இரண்டு மாதம் கழித்து இன்றுதான் முதல் தடவை. நாளை காலை கரை வந்ததும் மீதியை எழுதுகிறேன்.